மக்கள் மொழியில் மறை தந்த அண்டிரிக் அடிகளார்

நமது பங்கின் பொன்விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, யாரைப்பற்றி எழுதுவது என்று சில நாட்கள் சிந்தித்தோம். புனிதர் பலர் நினைவுக்கு வந்தனர். ஆயினும் பீடமேற்றப்படாத ஒரு குருவின் நினைவே நம் மனத்தை விட்டு அகலவில்லை. இன்று நாம் கையில் ஏந்தும் செபப் புத்தகம், ஞாயிறுதோறும் வாசிக்கும் வாசக நூல், ஏன், நீங்கள் இப்போது விரித்து வைத்திருக்கும் இந்த மலர் என, தமிழில் அச்சான எதை எடுத்தாலும் அதன் தொடக்கத்தில் அவர் நிற்கிறார். அவரே சேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார். என்றீக்கே என்றீக்கஸ் என்பது அவருடைய போர்த்துக்கீசியப் பெயர். அண்டிரிக் என்பது தமிழ் நாவு அவருக்கு இட்ட பெயர்.

தமிழ் அச்சுக் கலையின் தந்தை என்று அவரை அறிஞர் போற்றுகின்றனர். அது உண்மையே. ஆனால் ஒரு பங்குக் குருவின் கண்ணுக்கு அவர் அச்சுக் கலைஞராகத் தோன்றவில்லை. எழுத்தறியாத மக்களுக்கு மறையுண்மைகளை விளங்கும்படி சொல்லவேண்டுமே என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்ட ஒரு மேய்ப்பராகவே தோன்றுகிறார். அச்சு, இலக்கணம், அகராதி எல்லாம் அந்தக் கவலையிலிருந்து பிறந்த பிள்ளைகள்.

மேய்ப்பர் இல்லாத மந்தை

அடிகளாரின் பணியை உணரவேண்டுமானால், அவர் வருமுன் முத்துக்குளித்துறை எந்நிலையில் இருந்தது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து இராமேசுவரம் நோக்கி நீளும் அக்கடற்கரையில் முத்துக் குளித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த பரதவ மக்கள், 1535-ஆம் ஆண்டை ஒட்டித் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். கடலில் தங்கள் உரிமைகளைக் காத்துக்கொள்ளப் போர்த்துக்கீசியரின் துணையை அவர்கள் நாடியிருந்த காலம் அது. கொச்சியிலிருந்து வந்த குருக்கள் ஆயிரமாயிரம் பேருக்குத் திருமுழுக்கு அளித்துவிட்டுத் திரும்பிச் சென்றனர். தங்கி நின்று போதிக்க ஆளில்லை. வந்த ஓரிருவருக்கும் தமிழ் தெரியாது.

1542-ல் புனித சவேரியார் அங்கு வந்து சேர்ந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அம்மக்களுக்கு எதுவும் தெரியவில்லை. இதில் அம்மக்கள் பேரில் குற்றம் ஏது? விளங்காத மொழியில் கூறப்பட்டதை எவ்வாறு அறிந்துகொள்வர்?

சவேரியார் என்ன செய்தார்? இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி, பல நாள் அமர்ந்து, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், கட்டளைகள், பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம் ஆகியவற்றைத் தமிழில் பெயர்த்தார். அவற்றைத் தாமே மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். இது நாமெல்லாம் அறிந்த வரலாறு.

ஆனால் அந்த மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன என்பதைப் பலர் அறியார். விசுவாச மந்திரத்தில், விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் வந்திருந்தது. ஆண்டவரை நம்புகிறேன் என்று அறிக்கையிட வேண்டிய மக்கள், ஆண்டவர் எனக்கு வேணும் என்ற பொருளில் சொல்லி வந்தனர். ஆண்டவர் தம் சொந்த மனதோடு பாடுபட்டார் என்று சொல்ல வேண்டிய இடத்தில், வலுவந்தமாகப் பாடுபட்டார் என்று பொருள்படும் ஒரு சொல் நுழைந்திருந்தது. 1544-ல் சவேரியாரே இதனை உணர்ந்து, தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார்.

சிறு பிழைகள்தாமே என்று சிலர் கூறலாம். ஒரு சொல் மாறினால் ஒரு மறையுண்மையே மாறிவிடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். சவேரியாரின் புனிதத்தில் குறையில்லை. அவருடைய உழைப்பிலும் குறையில்லை. ஆனால் மொழி கைவசமாகவில்லை. அந்தக் குறையை நிறைவு செய்ய இறைவன் வேறொருவரை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்.

பிறப்பால் ஒதுக்கப்பட்டவர்

அண்டிரிக் அடிகளார் 1520-ல் போர்த்துக்கல் நாட்டில் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். அவர் குடும்பம் யூத மரபில் வந்து கிறிஸ்தவத்தைத் தழுவிய குடும்பம். அக்காலத்துப் போர்த்துக்கல் நாட்டில் அத்தகையோரைப் புதுக் கிறிஸ்தவர் என்று பிரித்துப் பேசுவர். எத்தனை தலைமுறை ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கும். இளைஞரான அண்டிரிக் முதலில் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தார். அவருடைய மரபு தெரிய வந்ததும் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. பின்னர் கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்று, 1545-ல் அந்நகரிலேயே சேசு சபையில் சேர்ந்தார். முன்பு ஒரு சபையில் இருந்து விலகியவர் என்பதாலும் பிறப்பு பற்றிய காரணத்தாலும் அங்கும் தடைகள் எழுந்தன. சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் பரிவினால் அவை நீங்கின.

இந்தச் செய்தியை நாம் வேண்டுமென்றேதான் விரிவாக எழுதுகிறோம். இன்னாருடைய மகன், இன்ன குலத்தான் என்று சொல்லி ஒரு மனிதனை ஒதுக்கும் பாவம் போர்த்துக்கல் நாட்டோடு நின்றுவிடவில்லை. ஒரே பந்தியில் அமர்ந்து நற்கருணை உண்ணும் நம்மிடையேயும், கல்லறையில்கூட அந்தக் கோடு மறையாத இடங்கள் உண்டு. ஒரு துறவு இல்லத்தின் வாசல் பிறப்பைக் காட்டி அடைத்துவிட்ட மனிதரைத்தான், தமிழ்த் திருச்சபைக்கு எழுத்தும் ஏடும் தர இறைவன் தேர்ந்துகொண்டார். வீடு கட்டுவோர் தள்ளிய கல் மூலைக்கல் ஆயிற்று என்பது நம் ஆண்டவரைப் பற்றிய உண்மை. அவருடைய ஊழியர் வாழ்விலும் அது நிழலாடுகிறது.

நா எழாத நாட்கள்

1546-ல் கப்பலேறிக் கோவா வந்த அடிகளார், அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். தமிழ் படிக்கவேண்டும் என்பது சவேரியார் இட்ட கட்டளை. கட்டளை எளிது, நிறைவேற்றுவது எளிதன்று. அன்று ஐரோப்பியர் கற்பதற்கென ஓர் இலக்கண நூல் இல்லை. அகராதி இல்லை. ஆசிரியராக இருக்கத் தகுந்தவர்க்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. போர்த்துக்கீசியம் தெரிந்த துபாசிக்கு இலக்கணம் தெரியாது. ழகரமும் ளகரமும் றகரமும் அயல்நாட்டார் நாவுக்கு எத்துணை இடர் தரும் என்பது நாம் அறிந்ததே. இம்மொழி தமக்குக் கைவராது என்றே அவர் முதலில் தளர்ந்துபோனார்.

துபாசியை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்தனர். அடிகளார் அவ்வாறு செய்யவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் துபாசியை எங்கே உட்கார வைப்பது? சாகக் கிடக்கும் ஒருவனுக்கு மூன்றாம் ஆள் மூலமாகவா ஆறுதல் சொல்வது? ஆதலின் மீண்டும் தொடங்கினார். இலத்தீன் இலக்கணம் படித்தவராகையால், தமிழ்ச் சொற்களை அதே முறையில் வேற்றுமை, காலம், இடம் என்று பிரித்து எழுதிக்கொண்டார். கேட்டதையெல்லாம் குறித்துவைத்தார். குறித்ததை மக்களிடம் பேசிப் பார்த்தார். சிரித்தவர்களிடம் எங்கே பிழை என்று கேட்டுத் திருத்திக்கொண்டார். 1548-ஆம் ஆண்டின் இறுதிக்குள் தமிழில் பேசவும் படிக்கவும் எழுதவும் கற்றுவிட்டார். 1549 சனவரியில் சவேரியார் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில், அடிகளாரின் தமிழறிவையும், மக்கள் அவர்மேல் வைத்திருந்த அன்பையும் சிறப்பாகக் குறிப்பிட்டார்.

தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவும் இல்லை. பின்னால் வரும் குருக்கள் தம்மைப்போல் இடர்ப்படக்கூடாது என்று தம் குறிப்புகளை ஓர் இலக்கண நூலாக்கினார். போர்த்துக்கீசியர் அன்று தமிழை மலபார் மொழி என்று அழைத்ததால், நூலும் அப்பெயரே பெற்றது. அந்தக் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் நகரில் தேசிய நூலகத்தில் நானூறு ஆண்டுகளுக்கு மேல் துயின்று, 1982-ல் அச்சில் வெளிவந்தது; 2013-ல் ஆங்கிலத்திலும் வந்தது. ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதிக் கிடைத்துள்ள முதல் இலக்கணம் அதுவே.

கடற்கரையில் ஒரு மேய்ப்பர்

1549-ல் முத்துக்குளித்துறைத் தலைவராயிருந்த அந்தோணி கிரிமினாலி அடிகளார் வேதாளையில் தம் மக்களைக் காக்க முற்பட்டபோது கொல்லப்பட்டார். இந்தியாவில் உயிர்நீத்த முதல் சேசு சபை மறைச்சாட்சி அவரே. அந்தத் துயரத்தினிடையே எஞ்சியிருந்த குருக்கள் ஒன்றுகூடி அண்டிரிக் அடிகளாரைத் தலைவராகத் தேர்ந்தனர். அன்று அவருக்கு வயது இருபத்தொன்பது. 1576 வரை அப்பொறுப்பைச் சுமந்தார். உடல் நலமோ எப்போதும் குன்றியே இருந்தது.

தலைவரானதும் அவர் கொண்டுவந்த ஒழுங்குகளில் ஒன்று நம் மனத்தைக் கவர்கிறது. குருக்களும் சகோதரர்களும் தங்களுக்குள்ளேயும் தமிழிலேயே பேசிக்கொள்ள வேண்டும் என்பது அது. வாயில் எளிதாக வரும் தாய்மொழியை ஒதுக்கிவைத்து, உணவு மேசையிலும் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசிய அந்த அயல்நாட்டார் காட்சியைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும்.

ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை வைத்து மறைக்கல்வி கற்பிக்கும் முறையைச் சவேரியார் தொடங்கியிருந்தார். இன்றைய நம் உபதேசியார்களுக்கு அவர்களே முன்னோர். போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நாலாயிரம் பணம் அவர்கள் சம்பளத்துக்கு வந்தது என்பது சுவையான செய்தி. அடிகளார் இம்முறையை உறுதிப்படுத்தினார். குரு ஆண்டுக்குச் சில முறையே ஓர் ஊருக்கு வர இயலும். மற்ற நாட்களில் செபம் சொல்லிக் கொடுப்பவர், நோயாளியைச் சந்திப்பவர், சாகும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பவர் உபதேசியாரே. ஆகவே அவர்கள் கையில் பிழையற்ற, விளங்கும் தமிழில் ஒரு நூல் இருக்கவேண்டும் என்ற எண்ணம் அடிகளாருக்கு வலுத்தது.

புன்னைக்காயலில் ஏழை நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனையையும் அவர் ஏற்படுத்தினார். 1553-ல் வடுகர் படை புன்னைக்காயலைத் தாக்கியபோது அடிகளாரும் சிறைப்பிடிக்கப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டார். விடுதலையானவர் ஊர் திரும்பிப் போகவில்லை. மீண்டும் அதே கடற்கரைக்கு வந்தார். அதற்குப் பிறகும் நாற்பத்தாறு ஆண்டுகள் தமிழ் மக்களுக்காக உழைத்தார்.

மக்கள் பணத்தில் பிறந்த நூல்

இனி, அவர் பெயரை நிலைநாட்டிய நூல்களைப்பற்றிக் கூறுவோம்.

1554-ல் லிஸ்பன் நகரில் தமிழ்ச் செபங்கள் அடங்கிய ஒரு நூல் அச்சானது. ஆனால் அதில் தமிழ் ஒலிகள் உரோமை எழுத்தில் இருந்தன. கோவாவுக்கு 1556-லேயே அச்சுப்பொறி வந்துவிட்டது; அதிலும் தமிழ் எழுத்து இல்லை. தமிழ் மக்களுக்குத் தமிழ் எழுத்தில் நூல் வேண்டும். தமிழுக்கு எழுத்து வார்ப்பது எளிய வேலையா? உயிர்மெய் எழுத்துக்கள், கொம்பு, கால், சுழி என்று எத்தனை வடிவங்கள்! யுவான் கொன்சால்வஸ் என்ற சேசு சபைச் சகோதரர் 1577-ல் கோவாவில் தமிழ் எழுத்துக்களை வார்த்தார். அவை திருத்தமாக அமையாததால், யுவான் தெ பாரியா அடிகளார் 1578-ல் கொல்லத்தில் புதிதாக வார்த்தார்.

இதற்குப் பணம்? இங்கேதான் நம் பங்கு மக்கள் கவனிக்கவேண்டிய செய்தி இருக்கிறது. அரசரின் கருவூலம் மட்டும் இதனைச் செய்யவில்லை. முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் தங்கள் உழைப்பிலிருந்து நானூறு குருசாது நாணயம் திரட்டிக் கொடுத்தனர். மூச்சடக்கிக் கடலடியில் இறங்கி முத்தெடுத்தவர்களின் காசு அது. அவர்களுள் பெரும்பாலோருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தாங்கள் வாசிக்க இயலாத ஒரு நூலுக்காக, தங்கள் பிள்ளைகள் வாசிப்பார்கள் என்ற நம்பிக்கையில் கொடுத்தார்கள். கோவில் கட்டக் கொடுப்பது போன்ற காணிக்கைதான் இதுவும்.

1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறி வெளிவந்தது. 16 பக்கங்கள்; பக்கத்துக்கு 24 வரிகள்; உள்ளங்கையில் அடங்கும் அளவு; சீன நாட்டுத் தாள். ஓலைச்சுவடி வழக்கப்படி மெய்யெழுத்துக்கு மேல் புள்ளியும் இல்லை. அடிகளாரோடு மனுவேல் தெ சான் பெத்ரோ என்ற குருவின் பெயரும் முகப்பில் காணப்படுகிறது. போர்த்துக்கீசிய மொழியிலிருந்த சிறு மறைக்கல்வி நூலின் தமிழாக்கம் அது. இந்திய மொழி எதிலும், அதன் சொந்த எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் இதுவே. அதன் பிரதி ஒன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது 1715-ல். அதற்கும் 137 ஆண்டுகள் முந்தியது தம்பிரான் வணக்கம்.

தம்பிரான் வணக்கம் வெளிவந்தபோது அடிகளாருக்கு வயது ஐம்பத்தெட்டு. நாமும் ஐம்பதைக் கடந்தவர்தாம். இனிப் புதிதாக எதையும் தொடங்க இயலாது, இருப்பதை நடத்திச் செல்வோம் என்று நினைக்கத் தோன்றும் வயது இது. அடிகளாரோ அந்த வயதில்தான் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1579 நவம்பர் 14-ஆம் நாள், கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் வெளிவந்தது. இது 120 பக்கம் கொண்ட நூல். மார்க்கோஸ் ஜோர்ஜ் என்ற குரு சிறுவர்களுக்காகப் போர்த்துக்கீசியத்தில் இயற்றியதைத் தழுவியது. ஆசிரியர் கேட்க மாணவன் விடை கூறும் முறையில் அமைந்தது. 1580-ல் நல்ல பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று கற்பிக்கும் நூல் வந்தது. 1586-ல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலான அடியார் வரலாறு வந்தது. புனிதர்களின் வரலாறுகளைத் தமிழ் மக்கள் தங்கள் மொழியில் முதன்முதல் அச்சில் கண்டது அப்போதுதான்.

காலப்போக்கில் இந்நூல்கள் தமிழ்நாட்டில் மறைந்துபோயின. அடியார் வரலாற்றின் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. தனிநாயகம் அடிகளார் 1950-களில் இவற்றைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். சேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் அடிகளார் 1960-களில் தூத்துக்குடியிலிருந்து மறுபதிப்பாக வெளியிட்டார். இவ்விருவருக்கும் தமிழ்த் திருச்சபை நன்றிக்கடன் பட்டுள்ளது.

எத்தகைய தமிழ்?

அடிகளாரின் நடையைப் பண்டிதர் சிலர் குறை கூறுவர். இலக்கியச் சுவை இல்லை. பேச்சு வழக்கு மிகுதி. போர்த்துக்கீசியச் சொற்கள் மலிந்துள்ளன என்பர். குற்றச்சாட்டில் உண்மை உண்டு. சிலுவையைக் குருசு என்கிறார். தூய ஆவியாரைப் போர்த்துக்கீசியப் பெயராலேயே அழைக்கிறார். பிற சமயச் சொல்லைக் கையாண்டால் பொருள் மயங்குமோ என்ற அச்சம் ஒருபுறம். பொருத்தமான சொல் இன்னும் உருவாகவில்லை என்பது மறுபுறம். பின்னால் வந்த தத்துவ போதகரும் வீரமாமுனிவரும் இந்தக் குறையை நிறைவு செய்தனர்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அவர் புலவர் அவைக்கு எழுதவில்லை. வலை பின்னும் முற்றத்துக்கு எழுதினார். உபதேசியார் உரக்க வாசிக்க, தாயும் பிள்ளையும் கேட்டு விளங்கிக்கொள்ளும்படி எழுதினார். கடவுளைக் குறிக்க மக்கள் நாவில் வழங்கிய தம்பிரான் என்ற சொல்லை எடுத்து, தம் முதல் நூலின் பெயரிலேயே பொறித்தார். தெரிந்த சொல்லால் தெரியாத உண்மையை விளக்குவதே போதகனின் கலை. அது அவருக்குக் கைவந்தது.

நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்வோம்

இவ்வளவும் எழுதிய பின் நம்மைப்பற்றியும் ஒரு சொல் கூறாவிடில் நேர்மையாகாது.

குருப்பட்டம் பெற்ற புதிதில் உதவிப் பங்குத் தந்தையாக இருந்தபோது, மூவொரு இறைவன் திருவிழாவன்று மறையுரை ஆற்றினோம். குருமடத்தில் ஏழாண்டு கற்ற தத்துவமும் இறையியலும் நெஞ்சில் பொங்கிக்கொண்டிருந்த காலம். சாராம்சம், சுபாவம், தேவ ஆள் என்றெல்லாம் நாற்பது நிமிடம் முழங்கினோம். பூசை முடிந்ததும் கீரை விற்கும் மூதாட்டி ஒருவர் வந்து ஆசீர் பெற்று, சாமி பிரசங்கம் மிகவும் நன்றாக இருந்தது என்றார். மகிழ்ச்சியோடு, எது பிடித்தது என்று கேட்டோம். அதெல்லாம் படித்தவர்களுக்கல்லவா விளங்கும், எனக்கென்ன தெரியும், கேட்க நன்றாக இருந்தது என்று கள்ளமின்றிச் சிரித்தார். பாராட்டத்தான் வந்தார். அந்தப் பாராட்டு நம்மைக் குத்திய அளவு எந்தக் கண்டனமும் குத்தியதில்லை. அந்த அம்மா விடியுமுன் எழுந்து நடந்து வந்தது இறைவார்த்தை கேட்க. நாம் கொடுத்ததோ ஓசை.

அதற்குப் பிறகு திருந்திவிட்டோமா என்றால், முழுதும் இல்லை. நமது பங்கிலேயே, புதுநன்மைக்கு ஆயத்தம் செய்த பிள்ளைகளைச் சோதித்தபோது, ஒரு சிறுமி விசுவாச மந்திரத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். நித்திய சீவியம் என்றால் என்னம்மா என்று கேட்டோம். அவள் ஆசிரியையைப் பார்த்தாள். ஆசிரியை நம்மைப் பார்த்தார். அது கேள்வித்தாளில் வராது சாமி என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். அன்றிரவு அறையில் அமர்ந்து எண்ணிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. என்றைக்கும் அழியாமல் இறைவனோடு வாழப்போகிறோம் என்பதல்லவா நம் மறையின் உயிர்நாடி! அதை அக்குழந்தை வாயால் சொன்னாள். ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஆசிரியையைக் குறை கூறுவதற்கில்லை. கேள்வித்தாள் நம் மேற்பார்வையில் தயாரித்ததுதான்.

முத்துக்குளித்துறை மக்கள் வேணும் என்று சொன்னதற்கும், நம் சிறுமி பொருளறியாமல் ஒப்பித்ததற்கும் வேறுபாடு எவ்வளவு? அங்கே சொல் பிழை. இங்கே சொல் சரி. இரண்டு இடத்திலும் பொருள் சென்று சேரவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பயனாகத் திருப்பலி தமிழில் வந்துவிட்டது. திருவிவிலியமும் எளிய தமிழில் கிடைக்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பு அத்தோடு முடிந்துவிடவில்லை. நூலிலிருந்து நெஞ்சுக்குப் பெயர்க்கும் வேலை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு தலைமுறையிலும் மறுபடி நடக்கவேண்டும். அடிகளார் கையாண்ட குருசும் மற்றச் சொற்களும் இன்று நமக்குப் பழமையாகத் தோன்றுகின்றன. அவர் இன்று இருந்தால் அவற்றை முதலில் மாற்றுபவர் அவராகவே இருப்பார்.

இறுதி நாட்கள்

அடிகளார் போர்த்துக்கல் நாட்டுக்குத் திரும்பவே இல்லை. முதுமையையும் நோயையும் தம் மக்கள் நடுவிலேயே கழித்து, 1600-ஆம் ஆண்டு புன்னைக்காயலில் தம் எண்பதாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். ஐம்பத்து மூன்று ஆண்டுகள் அக்கரையில் வாழ்ந்தவருக்காகக் கிறிஸ்தவர் மட்டுமின்றிப் பிற சமயத்தவரும் வருந்தினர். அவருடைய உடல் தூத்துக்குடியில் நல்லடக்கம் செய்யப்பட்டது. தூத்துக்குடியில் பனிமய அன்னையைத் தரிசிக்கச் செல்லும் நம் பங்கு மக்கள், அடுத்த முறை இக்குருவையும் நினைத்து ஒரு செபம் சொல்லும்படி வேண்டுகிறோம்.

விழாவில் ஒரு வேண்டுகோள்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓலைக் கொட்டகையில் தொடங்கிய நமது பங்கு இன்று கோபுரத்தோடு நிற்கிறது. மணி வாங்கினோம், சுற்றுச்சுவர் எழுப்பினோம், பீடத்தைப் புதுப்பித்தோம். கொடுத்த கைகள் யாவும் ஆசீர் பெறுவனவாக. ஆயினும் நம் மறைக்கல்வி வகுப்புக்கு ஆசிரியர் போதவில்லை என்ற குறையை இவ்விழா நாளில் மறைக்க விரும்பவில்லை. நானூறு குருசாது திரட்டிய அந்தப் பரதவ மக்களை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் உங்களிடம் கேட்பது பணம் அன்று. ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம். படித்த இளைஞர் பத்துப் பேர் முன்வந்தால் போதும். ஒவ்வொரு செபத்தையும் பிள்ளைகளுக்கு நம் ஊர்ப் பேச்சில் விளக்கிச் சொல்ல, வரும் ஆண்டிலேயே ஒரு சிறு கையேடு எழுதி முடிக்கலாம். எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் நம் ஊர்ப் பாட்டிமார் இருவரிடம் வாசித்துக் காட்டுவோம். அவர்களுக்கு விளங்காத வரியை அடித்துவிடுவோம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். இரவில் குடும்ப செபம் முடிந்ததும், சொன்ன மந்திரத்தில் ஒரே ஒரு வரியின் பொருளைப் பிள்ளையிடம் கேளுங்கள். அதற்குத் தெரியாவிட்டால் சொல்லிக் கொடுங்கள். உங்களுக்கும் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். கதவு திறந்தே இருக்கும். எமக்கும் தெரியாமற்போனால் சேர்ந்து படிப்போம்.

தந்தையின் வாக்கு மனிதர் நடுவே மனிதராகி, நாசரேத்தூர்த் தச்சர் வீட்டு மொழியில் பேசினார். விதை, வலை, புளித்த மாவு, காணாமற்போன காசு என்று எல்லோருக்கும் தெரிந்தவற்றைக் கொண்டே விண்ணரசை விளக்கினார். அண்டிரிக் அடிகளார் அந்தப் போதகரின் நல்ல சீடர். அவர் வழியில் நம் பங்கும் நடக்க, தூய ஆவியார் நம் நாவையும் நெஞ்சையும் ஒருங்கே தொடுவாராக. ஆமென்.